இடம் மாறிய பூட்டு: இணையக் காலத்தில் ஆய்வறிவு யாருக்குத் திறக்கிறது?

தில்லிப் பல்கலைக்கழகத்தின் பொருளியல் பள்ளி வளாகத்தில் இயங்கிவந்த ராமேஸ்வரி நகலகம் ஒரு சிறிய ஜெராக்ஸ் கடை. 2012 ஆகஸ்டில் அந்தக் கடையின் மீதும் பல்கலைக்கழகத்தின் மீதும் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம், டெய்லர் அண்டு ஃபிரான்சிஸ் ஆகிய மூன்று பெரும் நிறுவனங்களின் தரப்பில் தில்லி உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கப்பட்டது. ஆசிரியர்கள் பாடத்திற்கெனக் குறித்துக்கொடுத்த நூற்பகுதிகளை நகலெடுத்து, ஒன்றாகத் தைத்து, மாணவர்களுக்குக் குறைந்த விலையில் கொடுத்தது பதிப்புரிமை மீறல் என்பது அவர்களின் குற்றச்சாட்டு. உலகின் மிகப் பழமையான பதிப்பகங்கள் ஒரு ஜெராக்ஸ் கடையைக் கண்டு அஞ்ச வேண்டிய காரணம் என்ன?

மாணவர்களில் பலர் அந்த நூல்களை விலைகொடுத்து வாங்க இயலாதவர்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நூலகத்தில் ஒரே ஒரு படி மட்டுமே உள்ள நூலை ஒரு வகுப்பு முழுவதும் படிக்க வேண்டுமெனில் நகலெடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரி வாசலை மிதித்த தலித் மாணவருக்கு அந்தத் தைத்த தாள்கட்டே நூலகம். எனவே, பதிப்புலகின் மாற்றங்களை நாம் தொழில்நுட்பச் செய்தியாக மட்டும் பார்க்க இயலாது. கல்வி உரிமை சார்ந்த செய்தியாகவும் பார்த்தாக வேண்டும்.

கடந்த முப்பதாண்டுகளில் இணையம் ஆய்வறிவு பரவும் முறையை அடியோடு மாற்றியிருக்கிறது. இந்த மாற்றம் வாசிப்பின் வாசலை ஓரளவு திறந்துவிட்டது. ஆனால் அங்கிருந்து கழற்றப்பட்ட பூட்டு எறியப்படவில்லை. எழுதுவோரின் வாசலில் கொண்டுபோய் மாட்டப்பட்டிருக்கிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் 'எல்லாம் இணையத்தில் கிடைக்கிறது' என்று நாம் நிறைவடைந்துவிட முடியாது.

ஜெராக்ஸ் கடை வென்றெடுத்த உரிமை

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் பிரிவு 52, எவையெல்லாம் பதிப்புரிமை மீறல் ஆகா என்று பட்டியலிடுகிறது. அதன் 52(1)(ஐ) உட்பிரிவு, கற்பித்தலின் போக்கில் ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பை மறுவாக்கம் செய்வதை அனுமதிக்கிறது. 52(1)(ஏ) உட்பிரிவு, ஆய்வு உள்ளிட்ட சொந்தப் பயன்பாட்டிற்காக நியாயமான அளவில் படைப்பைக் கையாள்வதை அனுமதிக்கிறது.

2016 செப்டம்பர் 16 அன்று நீதிபதி ராஜீவ் சஹாய் எண்ட்லா இவ்வழக்கைத் தள்ளுபடி செய்தார். பதிப்புரிமை இயற்கையாகவோ தெய்வத்தாலோ அருளப்பட்ட உரிமை அன்று. சட்டம் தந்த உரிமை. சட்டம் விதித்த எல்லைக்குள் நிற்க வேண்டியது என்பது அத்தீர்ப்பின் அடிப்படை. மாணவர் நூலகத்தில் உட்கார்ந்து கையால் படியெடுத்தால் குற்றமில்லை எனும்போது, அதே வேலையை எந்திரம் செய்தால் மட்டும் எப்படிக் குற்றமாகும் என்ற கேள்வியையும் அது எதிர்கொண்டது. 2016 டிசம்பர் 9 அன்று இரு நீதிபதிகள் அமர்வு, கற்பித்தலுக்குத் தேவையான அளவிற்கு நகலெடுக்கலாம் என்ற விளக்கத்தை உறுதிசெய்தது. சில உண்மை விவரங்களை மட்டும் விசாரிக்குமாறு வழக்கைத் திருப்பியனுப்பியது. 2017 மார்ச்சில் பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டன.

இவ்வழக்கில் மாணவர்களும் ஆசிரியர்களும் சங்கமாகச் சேர்ந்து தம்மையும் ஒரு தரப்பாக இணைத்துக்கொண்டார்கள். அவர்கள் அவ்வாறு வந்திராவிட்டால், இது பதிப்பகத்திற்கும் கடைக்காரருக்கும் இடையிலான வணிகத் தகராறாகவே முடிந்திருக்கும். அவர்கள் வந்ததால் கல்வி உரிமை பற்றிய வழக்காக அது மாறியது. நம் கல்லூரிகளில் இன்றும் பலர் நகலெடுப்பதை ஒரு திருட்டுப்போலக் கூச்சத்துடன் செய்கிறார்கள். பாடத்திற்காக நகலெடுப்பது சட்டம் வழங்கிய உரிமை என்பதை ஒவ்வொரு மாணவரும் அறிந்திருக்க வேண்டும்.

மக்கள் பணத்தில் விளைந்து, மக்களுக்கே விற்கப்படும் பண்டம்

நூலைவிட ஆய்விதழ்களின் நிலை இன்னும் விந்தையானது. பெரும்பாலான ஆய்வுகள் அரசின் நிதியில், அதாவது மக்களின் வரிப்பணத்தில் நடைபெறுகின்றன. ஆய்வாளர் தம் கட்டுரையை ஊதியமின்றி ஆய்விதழுக்கு அளிக்கிறார். அதன் தரத்தை மதிப்பிடும் பிற பேராசிரியர்களுக்கும் வழக்கமாக ஊதியம் கிடையாது. கட்டுரை ஏற்கப்பட்டவுடன் பதிப்புரிமையை நிறுவனத்திற்கு எழுதிக்கொடுக்க வேண்டும். பிறகு, அதே கட்டுரையைப் படிக்க அதே ஆய்வாளரின் பல்கலைக்கழகம் சந்தா கட்ட வேண்டும். விதையும் உழைப்பும் உழவருடையவை, விளைச்சல் மட்டும் பண்ணையாருடையது என்னும் ஏற்பாடு நமக்குப் புதிதன்று.

இந்த ஏற்பாட்டின் இலாபம் சிறியதும் அன்று. எல்செவியர் பதிப்பகத்தின் தாய் நிறுவனமான ரெலெக்ஸின் அண்மை ஆண்டறிக்கைகளின்படி, அதன் அறிவியல் பதிப்புப் பிரிவு வருவாயில் 35 விழுக்காட்டிற்கும் மேல் செயல்பாட்டு இலாபம் ஈட்டுகிறது. அச்சிடும் செலவும் அஞ்சல் செலவும் இணையத்தால் பெரிதும் குறைந்தன. ஆனால் அந்தக் குறைவு சந்தா விலையில் தென்படவில்லை.

இதற்கு எதிர்ப்பு ஆய்வாளர்களிடமிருந்தே எழுந்தது. 1991-இல் இயற்பியலாளர் பால் கின்ஸ்பார்க், அச்சுக்கு முந்தைய கட்டுரைகளை யாரும் இலவசமாகப் படிக்கத்தக்க ஆர்க்கைவ் களஞ்சியத்தைத் தொடங்கினார். 2002-இல் புடாபெஸ்ட் நகரிலிருந்து வெளியான பிரகடனம், ஆய்வுக் கட்டுரைகள் அனைவருக்கும் தடையின்றிக் கிடைக்க வேண்டும் என்ற கோரிக்கைக்குத் 'திறந்த அணுகல்' என்ற பெயரைத் தந்தது. 2011-இல் கசகஸ்தானைச் சேர்ந்த அலெக்சாந்திரா எல்பாக்யான், சந்தாச் சுவருக்குப் பின்னால் இருந்த கட்டுரைகளை எவரும் எடுத்துப் படிக்கும் சை-ஹப் தளத்தை உருவாக்கினார். அதே 2011-இல் அமெரிக்காவில் ஆரன் சுவார்ட்ஸ் என்ற இளைஞர், ஜேஸ்டோர் களஞ்சியத்திலிருந்து பெருந்தொகையான கட்டுரைகளைத் தரவிறக்கியதற்காகக் கைது செய்யப்பட்டார். அந்தக் குற்றவழக்கு நிலுவையில் இருந்தபோதே, 2013 ஜனவரியில், தம் 26ஆம் வயதில் உயிரை மாய்த்துக்கொண்டார்.

சை-ஹப் தளத்திற்கு எதிராக எல்செவியர், வைலி, அமெரிக்க வேதியியல் கழகம் ஆகியவை 2020 டிசம்பரில் தில்லி உயர்நீதிமன்றத்தை அணுகின. 2025 ஆகஸ்டில் அத்தளத்தை இந்தியாவில் முடக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. இவ்வழக்கில் எந்தத் தரப்பை ஏற்றாலும் ஓர் உண்மையை மறுக்க இயலாது. இந்தியாவின் எண்ணற்ற ஆய்வு மாணவர்கள் சட்ட நிழலில் இருந்த ஒரு தளத்தை நம்பியே படித்தார்கள் என்றால், சட்டபூர்வமான வழிகள் அவர்களுக்குத் திறக்கவில்லை என்பதே பொருள்.

ஒரே நாடு, ஒரே சந்தா: யார் உள்ளே, யார் வெளியே?

இச்சூழலில், 2024 நவம்பர் 25 அன்று ஒன்றிய அமைச்சரவை 'ஒரே நாடு, ஒரே சந்தா' திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பன்னாட்டுப் பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள். ஒன்றிய, மாநில அரசுகள் நிர்வகிக்கும் 6,300 உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்கள். மாணவர், ஆசிரியர், ஆய்வாளர் எனச் சுமார் 1.8 கோடிப் பேர் பயனடைவர் என்று அரசு அறிவித்தது. இன்ஃப்ளிப்நெட் மையம் இதனை ஒருங்கிணைக்கிறது.

இது பயனற்ற திட்டம் என்று நாம் சொல்லவில்லை. சிறு நகரத்தின் அரசுக் கலைக் கல்லூரியில் படிக்கும் மாணவருக்கு, இந்தியத் தொழில்நுட்பக் கழக மாணவர் படிக்கும் அதே ஆய்விதழ் கிடைப்பது பெரிய செய்தி. ஆயினும் இரண்டு கேள்விகளை எழுப்பாமல் இருக்க முடியாது.

முதலாவது, எண்ணிக்கை. 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்வி ஆய்வறிக்கைப்படி உயர்கல்வி பயிலும் மாணவர்கள் மட்டும் 4.33 கோடிப் பேர். அவர்களில் 66 லட்சத்திற்கும் மேற்பட்டோர் பட்டியல் சாதியினர். திட்டம் குறிப்பிடும் 1.8 கோடி என்பது ஆசிரியர்களையும் சேர்த்த கணக்கு. அப்படிச் சேர்த்தும்கூட, மாணவர் தொகையில் பாதியை அது எட்டவில்லை. தனியார் சுயநிதிக் கல்லூரிகள் இத்திட்டத்தின் முதற்கட்டத்தில் இல்லை. தமிழ்நாட்டில் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையை நம்பிச் சுயநிதிக் கல்லூரிகளில் சேர்ந்த தலித் மாணவர்கள் ஏராளம். அவர்களின் கட்டணத்தை அரசு ஏற்கிறது. ஆனால் அவர்கள் படிக்க வேண்டிய ஆய்விதழ், 'தனியார் கல்லூரி' என்ற ஒரே காரணத்தால் மறுக்கப்படுகிறது. உதவித்தொகை மாணவரைப் பின்தொடர்ந்து செல்லும்போது, வாசிப்பு உரிமை மட்டும் கட்டடத்தின் உரிமையாளர் யார் என்று பார்ப்பது ஏன்?

இரண்டாவது, பணம் செல்லும் திசை. இந்த 6,000 கோடியும் பூட்டை உடைப்பதற்குச் செலவிடப்படவில்லை. மூன்றாண்டுகளுக்குச் சாவியை வாடகைக்கு எடுக்கவே செலவிடப்படுகிறது. வாடகைக் காலம் முடிந்ததும் மீண்டும் பேரம் பேச வேண்டும்.

இவற்றுக்கு முன்னதாகவே நிற்கும் தடை ஒன்றும் உண்டு. 2017-18ஆம் ஆண்டின் தேசிய மாதிரி ஆய்வு, 75ஆம் சுற்று, ஊரகக் குடும்பங்களில் 4.4 விழுக்காட்டினரிடம் மட்டுமே கணினி இருந்ததாகக் கூறுகிறது. நகர்ப்புறத்தில் அது 23.4 விழுக்காடு. அதற்குப் பின் கைப்பேசி இணையம் பெருகியுள்ளது. ஆனால் நாற்பது பக்க ஆய்வுக்கட்டுரையைக் கைப்பேசித் திரையில் படித்து, குறிப்பெடுத்து, அதே கைப்பேசியில் ஆய்வேடு எழுதும் மாணவர்களை நாம் விடுதிகள்தோறும் காண்கிறோம். 2019-இல் ஃபஹீமா ஷிரின் வழக்கில் கேரள உயர்நீதிமன்றம், இணைய அணுகல் கல்வி உரிமையின் ஒரு பகுதி என்று தீர்ப்பளித்தது. விடுதியில் கைப்பேசி பயன்படுத்தத் தடைவிதித்ததை எதிர்த்து ஒரு மாணவி தொடுத்த வழக்கு அது. ஆதிதிராவிடர் நல விடுதிகளில் கணினியும் இணையமும் கேட்போருக்கு அந்தத் தீர்ப்பு ஒரு பிடிமானம்.

சுங்கம் வாசகரிடமிருந்து எழுத்தாளருக்கு

திறந்த அணுகல் இயக்கம் வலுப்பெற்றபோது பெரும் பதிப்பகங்கள் அதை எதிர்த்து நிற்கவில்லை. அதற்கும் ஒரு விலை வைத்தன. கட்டுரையை வாசகர் இலவசமாகப் படிக்கலாம். அதற்கான கட்டணத்தை எழுதியவர் கட்ட வேண்டும் என்பதே அந்த ஏற்பாடு. 2021 முதல் 'நேச்சர்' ஆய்விதழில் ஒரு கட்டுரையைத் திறந்த அணுகலில் வெளியிட 9,500 யூரோ கட்டணம் என அறிவிக்கப்பட்டது. இந்திய மதிப்பில் 8 லட்சம் ரூபாய்க்கு மேல். பட்டியல் சாதி மாணவர்களுக்கான தேசிய ஆய்வு உதவித்தொகை, இளநிலை ஆய்வாளருக்கு மாதம் 37,000 ரூபாய். ஆக, ஒரு கட்டுரைக்கான கட்டணம் ஏறத்தாழ இருபத்திரண்டு மாத உதவித்தொகை. இது உச்ச அளவு என்று ஒதுக்கிவிட்டாலும், 2,000 டாலர் கேட்கும் ஆய்விதழ்கள் பல உள்ளன. அதுவே நான்கரை மாத உதவித்தொகை.

ஏழை நாடுகளின் ஆய்வாளர்களுக்குக் கட்டண விலக்கு உண்டு என்று பதிப்பகங்கள் கூறுகின்றன. ஆனால் அந்த விலக்கு, நாட்டின் பொருளாதாரத்தை அளந்து தரப்படுகிறது. இந்தியா பெரும்பாலும் அப்பட்டியலில் இடம்பெறுவதில்லை. நாட்டின் மொத்த வருமானத்தைப் பார்ப்பவர்களுக்கு, அந்த நாட்டிற்குள் இருக்கும் சேரி தெரிவதில்லை. ஒரே சந்தாத் திட்டத்தில் கட்டுரைக் கட்டணத்திற்கென ஆண்டுக்கு 150 கோடி ரூபாய் ஒதுக்கப்படும் என்றும் அறிவிக்கப்பட்டது. அதைப் பெறுவோர் யார், எந்தத் துறையினர், எந்தச் சமூகத்தினர் என்ற விவரங்கள் வெளியிடப்பட வேண்டும் என்று நாம் கேட்டாக வேண்டும்.

எழுதுவதற்கான வாசல் மூடப்படுவது நம் வரலாற்றில் புதிதன்று. 1936-இல் லாகூரின் ஜாத்-பாத்-தோடக் மண்டலம் தன் மாநாட்டிற்குத் தலைமையேற்க டாக்டர் அம்பேத்கரை அழைத்தது. அவரது உரையின் கருத்துகளை ஏற்க மனமின்றி மாநாட்டையே கைவிட்டது. அம்பேத்கர் அந்த உரையைத் தம் சொந்தச் செலவில் 1,500 படிகள் அச்சிட்டார். அவை இரண்டே மாதங்களில் தீர்ந்தன; விரைவிலேயே குஜராத்தியிலும் தமிழிலும் மொழிபெயர்ப்புகள் வந்தன. 'சாதி ஒழிப்பு' என்று நாம் இன்று படிக்கும் அந்த நூல், வாசல் மறுக்கப்பட்ட ஒருவர் தானே உருவாக்கிய வாசல். ஆனால் எல்லோரும் சொந்தச் செலவில் வாசல் கட்டிக்கொள்ளட்டும் என்பதை ஒரு கல்விக் கொள்கையாக ஏற்க இயலாது.

போலி ஆய்விதழ்களின் வலை

கட்டணம் வாங்கிக்கொண்டு வெளியிடும் முறை நிலைபெற்றதும், அதன் நிழலில் போலி ஆய்விதழ்கள் முளைத்தன. சில ஆயிரம் ரூபாய் அனுப்பினால் ஒரு வாரத்தில், எந்த மதிப்பீடும் இன்றிக் கட்டுரை வெளிவந்துவிடும். சான்றிதழும் வரும். பல்கலைக்கழக மானியக் குழு 2018 மே மாதம் தன் ஏற்புப் பட்டியலிலிருந்து 4,305 ஆய்விதழ்களை நீக்கியது இந்நோயின் அளவைக் காட்டும். பின்னர் உருவாக்கப்பட்ட 'கேர்' பட்டியலும் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. எது நல்ல ஆய்விதழ் என்று முடிவுசெய்யும் பொறுப்பு இப்போது கல்வி நிறுவனங்களிடமே விடப்பட்டுள்ளது.

இதில் முதலில் சிக்குபவர் யார்? தந்தையோ அத்தையோ பேராசிரியராக இருக்கும் மாணவருக்கு எந்த இதழ் போலி என்று வீட்டிலேயே சொல்ல ஆள் உண்டு. அக்கறையுள்ள நெறியாளர் வாய்க்காத முதல் தலைமுறை ஆய்வாளருக்கு அப்படி ஒருவரும் இல்லை. உதவித்தொகையிலிருந்து மிச்சம் பிடித்துக் கட்டிய பணத்தில் வெளிவந்த கட்டுரை, பின்னாளில் பணி நேர்காணலில் அவருக்கே எதிராக நிற்கிறது. முனைவர் பட்டத்திற்கு ஆய்வுக்கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை 2022 விதிமுறைகளில் மானியக் குழு நீக்கிவிட்டது. எனினும் தத்தம் விதிகளின்படி அதைத் தொடர்ந்து கேட்கும் பல்கலைக்கழகங்கள் உள்ளன. கட்டாயப்படுத்தும் பல்கலைக்கழகம், கட்டணமில்லாத நம்பத்தகுந்த ஆய்விதழ்களின் பட்டியலையும் தானே வழங்கக் கடமைப்பட்டது.

காக்கப்பட்டதும் கைவிடப்பட்டதும்

இணையம் பழைய எழுத்துகளை மீட்டெடுக்கிறது என்பார்கள். உண்மைதான். ஆனால் எவை மீட்டெடுக்கப்படுகின்றன என்பதை யாரோ முடிவுசெய்கிறார்கள்.

அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கினார். விலையையே பெயராகக் கொண்ட இதழ் அது. ஓராண்டிற்குப் பின் 'தமிழன்' என்று பெயர் பெற்று, 1914-இல் அவர் மறையும்வரை அவரால் நடத்தப்பட்டது. பௌத்தம், இலக்கியம், சாதியின் தோற்றம் எனப் பெரும் ஆய்வுலகம் அதில் விரிந்தது. அந்த எழுத்துகள் தொகுக்கப்பட்டு ஞான. அலாய்சியஸால் நூலாக வெளிவந்தது 1999-இல். இடைப்பட்ட எண்பத்தைந்து ஆண்டுகள் அவை எங்கே இருந்தன? அன்பு பொன்னோவியம் போன்ற ஆர்வலர்களின் வீடுகளில், பழந்தாள்களாக இருந்தன. அவர்கள் காத்திராவிட்டால், இன்று தமிழ் அறிவு வரலாற்றை அயோத்திதாசர் இல்லாமலேயே எழுதிக்கொண்டிருப்போம்.

இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் தொடங்கிய 'பறையன்' முதல் 1990களில் வெளிவந்த 'நிறப்பிரிகை', 'தலித் முரசு' வரை தலித் சிந்தனையின் பெரும்பகுதி ஆய்விதழ்களில் எழுதப்படவில்லை. வார ஏடுகளிலும் சிற்றிதழ்களிலும் துண்டறிக்கைகளிலும் எழுதப்பட்டது. மேற்கோள்களை எண்ணிக் கணக்கிடும் பன்னாட்டுத் தரவுத்தளங்கள் ஆங்கில ஆய்விதழ்களையே பெரிதும் நம்பி இயங்குகின்றன. எனவே, 'தலித் முரசு' இதழில் எழுதியவரின் வாதத்தை எடுத்து ஆங்கிலத்தில் கட்டுரையாக்குபவரே அந்தக் கருத்தின் சொந்தக்காரராகத் தரவுத்தளத்தில் பதிவாகிறார். தமிழில் முதலில் சொன்னவருக்கு எண் இல்லை. எண் இல்லாதவர் ஆய்வுலகின் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இதற்கு மாற்றான முயற்சிகளும் நடக்கின்றன. அம்பேத்கரின் எழுத்துகள் 2017 ஜனவரி முதல் பதிப்புரிமைத் தளையின்றிப் பொதுவுடைமையாக உள்ளன. மகாராட்டிர அரசு வெளியிட்ட ஆங்கிலத் தொகுதிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு காலத்தில் அத்தொகுதிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்தவர்களுக்கே இதன் அருமை தெரியும். அமெரிக்காவின் பிராண்டைஸ் பல்கலைக்கழகம் 2020 முதல் வெளியிடும் 'காஸ்ட்' ஆய்விதழ், சாதியையும் சமூக விலக்கலையும் பற்றிய கட்டுரைகளைத் திறந்த அணுகலில் தருகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம் அரிய நூல்களையும் இதழ்களையும் ஏற்றிவருகிறது. அந்த ஏற்றப் பணியில் தலித் இதழ்களுக்குத் தனி முன்னுரிமை வேண்டும் என்பது நம் கோரிக்கையாக எழ வேண்டும். 52(1)(என்) உட்பிரிவின்படி, வணிக நோக்கமற்ற பொதுநூலகம் தன்னிடம் அச்சுப்படி உள்ள நூலைப் பாதுகாப்பதற்காக மின்வடிவில் சேமித்துவைக்கலாம். சட்டம் தடையாக இல்லை. மனமும் நிதியும்தான் வேண்டும்.

நீதித்துறையில் இவ்வகை மாற்றம் என்ன செய்யும் என்பதை வழக்குரைஞர்களாக நாம் கண்டிருக்கிறோம். ஒரு காலத்தில் தீர்ப்புகளைப் படிக்க விலையுயர்ந்த சட்ட அறிக்கைத் தொகுதிகள் வேண்டும். அவை மூத்த வழக்குரைஞர்களின் அலமாரிகளில் இருந்தன. தீர்ப்பின் மூல வாசகம் பொதுச்சொத்து, அதன் மீது எந்தப் பதிப்பகமும் உரிமை கோர முடியாது என்பதை ஈஸ்டர்ன் புக் கம்பெனி எதிர் மோடக் வழக்கில் உச்சநீதிமன்றம் 2007 டிசம்பரில் தெளிவுபடுத்தியது. 2008-இல் 'இந்தியன் கானூன்' தளம் வந்தது. 2023-இல் உச்சநீதிமன்றமே தன் தீர்ப்பறிக்கைகளை இணையத்தில் இலவசமாக்கியது. இன்று வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்கில் பாதிக்கப்பட்டோருக்காக வாதிடும் இளம் வழக்குரைஞர், தாலுகா நீதிமன்ற வளாகத்தில் நின்றபடியே வேண்டிய தீர்ப்பை எடுத்துக்காட்ட முடிகிறது. திறந்த அறிவு பிணை விசாரணை வரைக்கும் வேலை செய்யும்.

திறந்துவைப்பதில் உள்ள பொறுப்பு

முனைவர் பட்ட ஆய்வேடுகளை மின்வடிவில் அளிக்க வேண்டும் என்ற 2009ஆம் ஆண்டு விதிமுறைக்குப் பின், 'சோத்கங்கா' களஞ்சியத்தில் பல லட்சம் ஆய்வேடுகள் சேர்ந்துள்ளன. தூசி படிந்த அறையில் கிடந்த ஆய்வேடு இன்று உலகெங்கும் படிக்கப்படுகிறது. ஆனால், வன்கொடுமைக்கு உள்ளான ஊர்களில் களஆய்வு செய்வோர் இதன் மறுபக்கத்தையும் எண்ண வேண்டும். நேர்காணலில் பேசிய பெண்ணின் பெயர், தெரு, உறவுமுறை ஆகியவை ஆய்வேட்டில் இருந்தால், தேடுபொறி அவற்றை எவர் கையிலும் கொடுத்துவிடும். எதிர்த்தரப்பினர் கையிலும்தான். பாலியல் வன்முறைக்கு உள்ளானோரின் அடையாளத்தை வெளியிடுவதைப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆவது பிரிவு குற்றமாக்குகிறது. அதற்கு அப்பாலும், சாட்சிகளின் பாதுகாப்பு ஆய்வாளரின் கடமை. பெயரை மாற்றுவது மட்டும் போதாது. ஊரையும் உறவையும் சேர்த்துப் பார்த்தால் ஆளை அடையாளம் கண்டுவிடலாம் எனில், அவற்றையும் மறைக்க வேண்டும்.

நாம் செய்யத்தக்கவை

மாணவர் அமைப்புகளும் சமூகச் செயற்பாட்டாளர்களும் உடனே தொடங்கத்தக்க சில பணிகள் உள்ளன.

ஒன்று: உங்கள் கல்லூரி ஒரே சந்தாத் திட்டத்தில் பதிவுசெய்துள்ளதா, மாணவர்களுக்குக் கணக்கு வழங்கப்பட்டுள்ளதா, எத்தனை பேர் பயன்படுத்தினர் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் பிரிவு 6(1)-இன் கீழ் கேளுங்கள். கட்டணம் பத்து ரூபாய். வறுமைக்கோட்டிற்குக் கீழ் உள்ளோருக்கு அதுவும் இல்லை. முப்பது நாட்களுக்குள் பதில் தர வேண்டும். திட்டம் இருப்பதே மாணவர்களுக்குச் சொல்லப்படாத இடங்களில், இந்த ஒரு மனுவே வாசலைத் திறக்கக்கூடும்.

இரண்டு: கட்டுரை பூட்டியிருந்தால் அதை எழுதியவருக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். பலர் மகிழ்ந்து அனுப்புவர். பெரும்பாலான பதிப்பகங்கள் கட்டுரையின் ஏற்கப்பட்ட கைப்படியைப் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் வைக்க, சில நிபந்தனைகளுடன், ஆசிரியரை அனுமதிக்கின்றன. எழுதுபவராக நீங்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் அந்த நிபந்தனையைப் படித்து, அந்த உரிமையைப் பயன்படுத்துங்கள். அதற்குக் கட்டணம் இல்லை.

மூன்று: சுயநிதிக் கல்லூரிகளில் உதவித்தொகையுடன் பயிலும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு ஒரே சந்தாத் திட்டத்தின் அணுகலைத் தனிக் கணக்குகளாக வழங்க வேண்டும் என்ற கோரிக்கையை முன்வையுங்கள். நலிந்த பிரிவினரின், குறிப்பாகப் பட்டியல் சாதி, பழங்குடியினரின் கல்வி நலன்களைச் சிறப்பு அக்கறையுடன் வளர்க்குமாறு அரசமைப்புச் சட்டத்தின் 46ஆவது கூறு அரசைப் பணிக்கிறது. அறிவியல் முன்னேற்றத்தின் பயன்களை நுகரும் உரிமை, இந்தியா 1979-இல் ஏற்ற பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகள் உடன்படிக்கையின் 15ஆவது கூறில் உள்ளது. கேட்பதற்குச் சட்ட அடிப்படை இருக்கிறது.

நான்கு: ஒன்றிய அறிவியல் தொழில்நுட்பத் துறையும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2014-இல் வகுத்த கொள்கை, தம் நிதியில் நடந்த ஆய்வின் கட்டுரைகளைத் திறந்த களஞ்சியங்களில் வைக்கச் சொல்கிறது. சமூக அறிவியல் உள்ளிட்ட அனைத்து அரசு நிதி ஆய்வுகளுக்கும் இதைக் கட்டாயமாக்கினால், சாதி குறித்து அரசுப் பணத்தில் எழுதப்படுபவற்றை, அவை யாரைப் பற்றி எழுதப்பட்டனவோ அந்த மக்களே படித்துக் கேள்வி கேட்க முடியும்.

ஐந்து: உங்கள் ஊரில் யார் வீட்டுப் பரணிலாவது பழைய இயக்க இதழ்கள், துண்டறிக்கைகள், மாநாட்டு மலர்கள் இருக்கக்கூடும். அவற்றைத் தேடுங்கள். உரியவரின் ஒப்புதலுடன் ஒளிப்படம் எடுத்து, நாள், இடம், வெளியிட்டவர் விவரங்களைக் குறித்து, பொது நூலகங்களுக்கும் மின்நூலகங்களுக்கும் அளியுங்கள். கரையான் அரிப்பதற்கு முன் இதைச் செய்தாக வேண்டும்.

ராமேஸ்வரி நகலக வழக்கில் மாணவர்கள் நீதிமன்றத்தின் கதவைத் தட்டியது, தமக்கு ஒரு நூல் வேண்டும் என்று கேட்பதற்காக மட்டும் அன்று. அறிவின் விலையை முடிவுசெய்யும் இடத்தில் தமக்கும் ஒரு நாற்காலி வேண்டும் என்று கேட்டார்கள். ஒரே சந்தாத் திட்டத்தின் இப்போதைய காலம் 2027-உடன் முடிகிறது. அடுத்த பேரம் நடக்கும்போது அந்த நாற்காலி காலியாக இருக்கக் கூடாது. அதற்கான கோரிக்கை மனுக்களை இந்தக் கல்வியாண்டிலேயே எழுதத் தொடங்குவோம்.